குடிக்காதவன் கழுத்து

"சாவியக் குடு மாப்ள."

ஞாயிறு பூசை முடிந்து சனம் இன்னும் கோயில் வாசலைத் தாண்டவில்லை. அத்தனை பேர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றவன் வேறு யாருமல்ல, லூர்தம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் பெரியநாயகம். சின்னப்பர்கொட்டாய் பங்குப் பேரவைத் தலைவன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தங்க ஃப்ரேம் கண்ணாடியுமாக, பார்த்தால் கும்பிடத் தோன்றும். லூர்தம்மாளுக்கு அப்போது அறையத்தான் தோன்றியது.

எதிரில் நின்றது அவள் புருஷன் சவுரியப்பன், அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றுவது, சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது, பூசைக்கான திராட்சை ரசத்தைப் பீரோவில் பூட்டிக் காப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அப்பா பார்த்த வேலை, அவருக்குப் பிறகு அவன் பார்க்கிற வேலை.

சவுரியப்பன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தான். குனிந்து பார்க்க முடியாமல் தடவித் தடவித்தான் அவிழ்த்தான்.

அந்தக் கழுத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. வேனல் கட்டி என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டாள் லூர்தம்மாள். அது உடையவும் இல்லை, அடங்கவும் இல்லை. காதுக்குக் கீழே இறங்கி, தாடையைச் சுற்றி வந்து, தோளில் ஏறி உட்கார்ந்தது. இப்போது கழுத்தைச் சுற்றி ஒரு தலையணையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தான். தொட்டால் மெத்தென்று இருக்கும். வலி கிடையாது. ஆனால் சட்டையின் மேல் பொத்தான் பூட்டாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும், மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டும். கைகால் மட்டும் பழைய குச்சிக் கைகால். ஊர்ப் பையன்கள் அவனுக்கு 'திமிலு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் பெரியநாயகம்தான் தன் செலவில் அவனைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கிருஷ்ணப்பன் கழுத்தை அழுத்திப் பார்த்தார், தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார், சவுரியப்பனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெரியநாயகத்திடம் பேசினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியநாயகம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் அதியமான்கோட்டையில் நின்று, இறங்கி நடந்து ஊர் வந்து சேர்ந்ததும்தான் பேச ஆரம்பித்தான். அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அது குடிகாரனுக்கு வருகிற வியாதி!

பூசை ரசத்துக்குக் காவல் இருக்கிறவனுக்குக் குடிகார வியாதி என்றால் சனம் சும்மா இருக்குமா? "நம்ம ரசம்தான் அவன் கழுத்துல தேங்கியிருக்குது" என்றான் ஒருத்தன். டீக்கடை பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

சாவி கை மாறியது. பெரியநாயகம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில், அதே சமயம் நாலு பேர் காதில் விழும்படி சொன்னான்.

"சாமிகிட்டப் பேசியிருக்கேன் மாப்ள. அவரு நல்ல மனசுக்காரரு. வர்ற குருத்தோலை ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால பீடத்துகிட்ட முட்டி போட்டு, மெழுகுவத்தியப் புடிச்சிக்கிட்டு, குடிச்சேன், இனிமே குடிக்க மாட்டேன்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிடு. சாவியத் திருப்பிக் குடுத்துடறோம். இல்லீன்னா சாவியும் இல்ல, நன்மையும் இல்ல. அவ்ளோதான்."

நன்மை இல்லை என்றால் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி. ஊரே வரிசையில் போய் நாக்கை நீட்டி அப்பம் வாங்கும்போது, கோயில்பிள்ளை கடைசி வரிசையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

வூட்டுக்கு வந்ததும் லூர்தம்மாள் கதவைச் சாத்தினாள்.

"குடிச்சீங்களா, இல்லியா?"

"நீ என்னா நெனைக்கிற?"

"நான் நெனைக்கிறது இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"இல்ல."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு சாவிய அவுத்துக் குடுத்தீங்க? நடுத்தெருவுல எங்கண்ணன் கையை நீட்டுறான், நீங்க காணிக்கை போடுற மாதிரி போடுறீங்க! குடிக்காதவன் இப்பிடியா நிப்பான்?"

"டாக்டரு சொன்னாருங்கிறாங்க. டாக்டருகிட்ட நான் போயி சண்டை போடவா?"

"போடுங்க! இல்லீன்னா அந்த முட்டியப் போட்டுத் தொலைங்க. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு சாவிய வாங்குங்க. கட்டின குத்தத்துக்கு நானும் தலை நிமிந்து தெருவுல நடப்பேன்."

சவுரியப்பன் உடம்போடு திரும்பி அவளைப் பார்த்தான். "செய்யாததைச் செஞ்சேன்னு பீடத்துக்கு முன்னால சொன்னா அது பொய்ச்சத்தியம், லூர்து. குடிச்சிருந்தாக்கூட அது சின்னப் பாவம்தான். இது பெருசு."

அந்தப் பதில் அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது. பதில் சரியாக இருந்ததுதான் அதற்குக் காரணம். ஆனால் அவளுக்குள் இன்னொரு முள் இருந்தது, யாரிடமும் சொல்லாத முள். ஒவ்வொரு மாசமும் முதல் வெள்ளிப் பூசை முடிந்ததும் இந்த மனுஷன் பஸ் ஏறுகிறான். கேட்டால் "டவுன்ல கோயில் வேலை" என்பான். பொழுது சாயும்போது வருவான், ஒன்றும் பேசமாட்டான், நேராகப் போய்க் குளிப்பான். எந்தக் கோயில் வேலைக்குப் போய்வந்தவன் நேராகக் குளிக்கப் போகிறான்?

இந்தத் தடவை முதல் வெள்ளி தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு ரெண்டு நாள் முன்னால் வந்தது. சாவி பறிபோன அதே வாரம்.

அவன் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினான். முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு லூர்தம்மாள் பின்பக்கம் ஏறினாள். அவன் திரும்பிப் பார்ப்பான் என்ற பயமே இல்லை, அந்தக் கழுத்து திரும்பாது. தர்மபுரியில் இறங்கினான். கோயில் இருக்கிற தெருப்பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

'அப்படியா சங்கதி' என்று பல்லைக் கடித்தாள் லூர்தம்மாள். பென்னாகரம் தாண்டிக் காட்டு ரோட்டில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியபோது அவளுக்கு வாந்தி வந்தது. வாந்தியை விழுங்கினாள். கோபத்தை விழுங்க முடியவில்லை.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் பழக்கப்பட்டவனைப் போல வேகமாக நடந்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் பொரிக்கிறவர்கள், பரிசலுக்குக் கூப்பிடுகிறவர்கள், எல்லாரையும் விலக்கிக்கொண்டு போனான். மீன் கடைகள் முடியும் இடத்தில் சாராயக்கடை. வாசலிலேயே ரெண்டு பேர் சாய்ந்து கிடந்தார்கள். சவுரியப்பன் கடைக்கு முன்னால் நின்றான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உடம்பைத் திருப்பிப் பார்த்தான், கடையை ஒட்டிய சந்துக்குள் சட்டென்று நுழைந்துவிட்டான்.

லூர்தம்மாளின் கண்ணுக்கு முன்னால் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மீன் கடை அடுப்பருகே கிடந்த ஒரு விறகுக் கட்டையை உருவிக்கொண்டாள். "யம்மா, யம்மா, அது எங்க கட்டை" என்று கடைக்காரி கத்தியது காதில் விழவில்லை. சந்துக்குள் ஓடினாள். சந்தின் முடிவில் ஒரு குடிசை. உள்ளே புருஷன் குரல். கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு கட்டையை ஓங்கியபடி உள்ளே பாய்ந்தாள்.

பாய்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு பொம்பளை அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கைகால் குச்சி. கழுத்தைச் சுற்றித் தலையணை. பிடரியில், காதுக்குக் கீழே, தோளுக்கு மேலே, அச்சு அசலாகச் சவுரியப்பன் கழுத்து, சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாம்மா, தம்பி பொண்டாட்டி" என்றாள் அவள், ஓங்கிய கட்டையைப் பார்த்துக்கொண்டே. "வெறகு கொண்டாந்தியா? அடுப்புகிட்டப் போடு. அடுப்பு அணையப் போவுது."

"யாரு இது?" ஓங்கிய கட்டையை இறக்காமலே கேட்டாள் லூர்தம்மாள்.

சவுரியப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "எங்கக்கா. ராஜமேரி."

"உங்கக்கா செத்துப்போயிட்டாங்க! கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்துறோம்!"

"செத்துத்தான் போனேன்" என்றாள் ராஜமேரி. "பரிசல் ஓட்டுறவனோட, அதுவும் இந்துவோட, ஓடிப்போனேன்ல? எங்கப்பன் கோயில்பிள்ளை. அவனே துக்கமணி அடிச்சி, அவனே கறுப்பு உடுப்பு எடுத்து வெச்சி, எனக்கு இறந்தவங்க பூசை நடத்திட்டான். நான் இங்க உக்காந்து மீன் ஆஞ்சிக்கிட்டு இருந்தேன், அங்க எனக்கு மோட்சம் கேட்டு செபம் ஓடுது. பரவால்ல, அந்த செபத்துல எனக்கு ஒண்ணும் கெட்டுப்போவல."

சாகும்போது அப்பா சவுரியப்பனின் கையில் சிலுவையைக் கொடுத்து, அந்த வூட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் கேட்டாராம். சவுரியப்பன் தலையாட்டாமல் நின்றானாம். ஆட்டவில்லை என்ற ஒரே தெம்பில்தான் மாசம் ஒருமுறை வந்து போகிறான், ஊருக்குத் தெரியாமல், பெண்டாட்டிக்கும் தெரியாமல். மீன் வாடை வூட்டுக்கு வந்துவிடக் கூடாதென்றுதான் வந்ததும் குளிக்கப் போவது.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா கேடு உங்களுக்கு?" லூர்தம்மாள் கட்டையைத் தரையில் அடித்தாள். "இத்தனை நாளும் உங்களை நான்…" ராஜமேரி பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க குடிப்பீங்களா?"

ராஜமேரி சிரித்தாள். சிரித்தபோது கழுத்தும் சேர்ந்து குலுங்கியது. "கொல்லைப்பக்கம் கவுத்துப் போட்ட பரிசலுக்கு அடியில பாரு."

லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள். தார் பூசிய பரிசலின் நிழலில் ஒரு மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக, ஊதினால் பறந்துவிடுவான் போல.

"எங்க வூட்டுக்காரரு பச்சியப்பன். காலையில கண்ணைத் தொறந்தா கடை, கண்ணை மூடுனா கடை. அவரு கழுத்தப் பாரு, கோழிக் கழுத்து. நான் இன்னி வரைக்கும் மோந்துகூடப் பாத்ததில்ல. எனக்கு இந்தக் கழுத்து. எங்கம்மாவுக்கும் இதேதான், சேலையால போத்திக்கிட்டே இருந்து, நீ மருமவளா வர்றதுக்கு முன்னாலயே செத்துச்சி. குடிச்சா வருதாம்! எந்தக் கபோதி சொன்னான்?"

லூர்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வந்து கோயில் வாசலில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும். அவன் நிறுத்தவில்லை.

"அக்காவ ஊரு முன்னால நிக்கவெச்சி, இங்க பாருங்க கழுத்தப் பாருங்கன்னு காட்டச் சொல்றியா?" என்றான் அவன், அவள் கேட்காமலே. "அது முடியாது. என் பேரு போனாப் போவுது."

"உன் பேரு போச்சின்னா அதுல எங்கம்மா பேரும் போவுது, எம்பேரும் போவுது" என்றாள் ராஜமேரி. அரிவாள்மணையை மடக்கிவைத்தாள். "கழுத்து என்னுது. காட்டுறதா மூடுறதான்னு நீ யாருடா சொல்ல? ஏ லூர்து, மொதல்ல எந்தப் பக்கம் போவணும், கோயிலா, டாக்டரா?"

"டாக்டரு."

டாக்டர் கிருஷ்ணப்பனின் கிளினிக்கில் மறுநாள் கூட்டம் தெருவரை நின்றது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். டோக்கன் வாங்கிக் காத்திருந்து மூன்று பேரும் உள்ளே போனார்கள். டாக்டர் நிமிர்ந்தார். முதலில் சவுரியப்பனைப் பார்த்தார், அப்புறம் ராஜமேரியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி:

"நீயும் குடிப்பியாம்மா?"

லூர்தம்மாள் மேஜைமேல் கையை ஊன்றினாள். "டாக்டரு, அந்தப் புத்தகத்தை எடுங்க."

"யாரும்மா நீ?"

"நீங்க குடிகாரன்னு சொன்னீங்களே, அவரு பொண்டாட்டி. இது அவரோட அக்கா. இவங்க குடிக்க மாட்டாங்க, அவரும் குடிக்க மாட்டாரு. இவங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி, அவங்களும் குடிச்சதில்ல. எடுங்க புத்தகத்தை, எங்க போட்டிருக்குது காட்டுங்க."

வெளியே காத்திருந்தவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். டாக்டர் ரெண்டு பேர் கழுத்தையும் மாறி மாறி அழுத்தினார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார்.

"இது ரொம்ப ரேர் கேஸும்மா. மேடலுங்னு ஒரு ஜெர்மன்காரர் பேர்ல இருக்கிற வியாதி. கொழுப்பு சேரக்கூடாத எடத்துல, கழுத்துல, தோள்ல, தானா சேரும். ஏன் சேருதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு நெறையக் குடிக்கிறவங்க. ஆனா…" பக்கத்தைத் திருப்பினார். "குடிக்காதவங்களுக்கும் வரும். குடும்பத்துல நாலு பேருக்கு வர்றதும் உண்டு. இவங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது."

"அப்ப ஏன் குடிகாரன்னு சொன்னீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லலையே. பொதுவா குடிக்கிறவங்களுக்கு வரும், இவரு குடிப்பாரான்னு கூட வந்தவரைத்தான் கேட்டேன்."

"எங்கண்ணன் என்னா சொன்னான்?"

"யோசிச்சிட்டு, தெரியலீங்க, விசாரிக்கிறேன்னாரு."

விசாரிக்கிறேன் என்றவன் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான். லூர்தம்மாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது.

"எதிருல ஆளு உக்காந்திருக்கச் சொல்லோ, அவரை வெளிய அனுப்பிட்டு அவரு குடிப்பாரான்னு அடுத்தவனைக் கேட்டீங்களா? கழுத்து யாருது டாக்டரு?"

டாக்டர் புத்தகத்தை மூடினார். பெங்களூரில் ஆபரேஷன் செய்து கொழுப்பை எடுக்கலாம், மூச்சு முட்டுவது குறையும், ஆனால் மறுபடி வளர்ந்தாலும் வளரும் என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அது அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்குக் காலையில எங்க கோயிலுக்கு வந்து இப்ப சொன்னதை அப்பிடியே சொல்லுங்க."

"கோயிலுக்கா? நான் எப்பிடிம்மா… எனக்கு நாளைக்கு கேம்ப் இருக்கு."

"சொன்னது ஊருக்கே கேக்கற மாதிரி ஆயிப்போச்சி, இல்லீன்னு சொல்றது மட்டும் இந்த ரூமுக்குள்ளேயே இருக்கணுமா?"

"நெக்ஸ்ட்!" என்றார் டாக்டர்.

குருத்தோலை ஞாயிறு. கோயில் வாசலில் பச்சைக் குருத்து குவிந்து கிடந்தது. சாவி இல்லாத சவுரியப்பனுக்குப் பதிலாக யாரோ ஒருவன் மணியை இழுத்து, அது தாறுமாறாக அடித்து ஓய்ந்தது. கோயில் நிரம்பி, வாசல் வரை சனம். பங்குச் சாமியார் அருள்நாதர் சிவப்பு உடுப்போடு பீடத்தின் முன்னால் வந்தார். இளவயது. ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எதற்கும் பெரியநாயகம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். பக்கத்தில் பெரியநாயகம், கையில் ஏற்றாத மெழுகுவத்தி.

"சவுரியப்பா, வாப்பா" என்றார் சாமியார்.

சவுரியப்பன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனான். பீடத்தின் முன்னால் நின்றான். பெரியநாயகம் மெழுகுவத்தியை நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"நான் குடிக்கல சாமி. இல்லாத பாவத்துக்கு முட்டி போட மாட்டேன்."

சனத்துக்குள் சலசலப்பு. பெரியநாயகம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டான். "மாப்ள, பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. படிச்சவரு சொல்லு பொய்யா?"

"டாக்டரு என்னா சொன்னாருன்னு நான் சொல்றேன்!"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரலுக்கு எல்லாரும் திரும்பினார்கள். லூர்தம்மாள் எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் முக்காடு போட்டிருந்த ஒரு பொம்பளையும் எழுந்தாள். ரெண்டு பேரும் நடுவழியில் நடந்து முன்னால் வந்தார்கள். அங்கே ராஜமேரி முக்காட்டைத் தானே தள்ளினாள். கழுத்து வெளிச்சத்துக்கு வந்தது.

"எம்பேரு ராஜமேரி" என்றாள். "எனக்கு ஞானஸ்நானம் குடுத்ததும் இந்தக் கோயில்தான், இறந்தவங்க பூசை வெச்சதும் இந்தக் கோயில்தான். குடிக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல, மீனு ஆயறதே பெரும்பாடு. எங்கம்மாவுக்கும் இதே கழுத்துதான். அவங்களை இங்க பாத்தவங்க பாதிப் பேரு இன்னும் உசுரோட இருக்கீங்க, தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்க. இது குடும்பத்துல வர்றது. அந்த டாக்டரே நேத்து அவரு வாயால சொல்லிட்டாரு."

சாமியார் பெரியநாயகத்தைப் பார்த்தார்.

பெரியநாயகம் தோற்கிற ஆளா? உதட்டோரம் சிரித்துக்கொண்டே சனத்தைப் பார்த்துச் சொன்னான். "அப்ப குடும்பம் மொத்தமும் ஊத்திக்கிது போல."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கனைத்தான், ஒருவன் சிரித்தான், அது பரவியது. சாட்சிக்கு வந்தவளையும் சேர்த்துக் குடிகாரியாக்கி உட்காரவைக்கப் பார்த்தது அந்தச் சிரிப்பு.

"எவன்டா சிரிச்சது?"

கோயிலுக்குள் அப்படி ஒரு குரல் அதுவரை கேட்டதில்லை. லூர்தம்மாள் பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"சாமி மன்னிக்கட்டும், நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். என் புருசன் குடிகாரன்னு வெச்சிக்கிங்க. குடிகாரன் தனியாக் குடிப்பானா? இந்தச் சுத்துவட்டாரத்துல சாராயக்கடை ஒண்ணுதான். அவன் கூடக் குடிச்சவன் ஒருத்தன் இருப்பான்ல? ஊத்திக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல? பக்கத்துல உக்காந்து ஊறுகா நக்கினவன் ஒருத்தனாச்சும் இருப்பான்ல? அவன் எந்திரிக்கட்டும். எந்திரிச்சி, ஆமா, நானும் சவுரியப்பனும் சேந்துதான் குடிச்சோம்னு சொல்லட்டும். நான் என் கையால இவரு தோளைப் புடிச்சி அமுக்கி முட்டி போட வெக்கிறேன். கூடக் குடிச்சவன் எந்திரிங்க!"

யாரும் எழவில்லை. சிரித்தவன் குருத்தோலையைக் கிழித்துச் சிலுவை பின்ன ஆரம்பித்தான். இன்னொருவன் தன் பெண்டாட்டி பார்வையைத் தவிர்க்க மேற்கூரையைப் பார்த்தான். பெண்கள் பக்கமிருந்து ஒவ்வொருத்தியும் தன் தன் புருஷனைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரிப்பானோ என்று.

"எவனும் இல்லியா? செரி. ஊத்திக் குடுத்தவங்களைக் கேக்கலாம். அண்ணா, அந்தக் கடை ஏலத்துல உனக்குப் பங்கு இருக்குது. வந்தவன் யாரு, போனவன் யாருன்னு உனக்குத் தெரியாம இருக்குமா? இந்த ஊருல ஆருக்கும் தெரியாதுன்னு நெனச்சியா? நீயே சொல்லு. என் புருசன் உன் கடை வாசலை என்னிக்காச்சும் மிதிச்சானா? பீடத்தைப் பாத்து சொல்லு."

அது ஊரறிந்த சேதி, யாரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத சேதி. பெரியநாயகத்தின் வாய் திறந்தது, மூடியது. மிதித்தான் என்றால் கடை தன்னுடையதாகிவிடும். இல்லை என்றால் சவுரியப்பன் குடிகாரன் இல்லை என்றாகிவிடும்.

"இது கோயில். இங்க வியாபாரத்தைப் பேசாத" என்றான் கடைசியில்.

அவ்வளவுதான். அவன் வாயாலேயே வந்துவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பை யாரும் அடக்கவில்லை.

சாமியாரின் முகம் அவர் உடுப்பை விடச் சிவந்திருந்தது. இதுநாள் வரை பார்த்துப் பார்த்துப் பேசிய அந்த முகத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினார். "சாவியக் குடுங்க, பெரியநாயகம்."

பெரியநாயகம் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தான். சாமியார் அதைச் சவுரியப்பனிடம் நீட்டினார். "சவுரியப்பா, போனது போகட்டும். சபை உன்னை மன்னிச்சி…"

"யாரை யாரு மன்னிக்கிறது சாமி?" என்றாள் லூர்தம்மாள்.

சாமியார் நிறுத்தினார். "தப்புதாம்மா" என்றார். "நாங்கதான் கேக்கணும்." கேட்டார், எல்லார் காதிலும் விழும்படி, சவுரியப்பனையும் ராஜமேரியையும் பார்த்து. ராஜமேரி தலையை அசைத்தாள். அந்தக் கழுத்தில் எவ்வளவு அசைக்க முடியுமோ அவ்வளவு.

சவுரியப்பன் சாவியை வாங்கிக்கொண்டான். வாங்கியவன் நேராகப் பீரோவுக்குப் போகவில்லை. உடம்போடு திரும்பிப் பெரியநாயகத்தின் எதிரில் போய் நின்றான். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம்.

"நல்லாப் பாருங்க மச்சான், கழுத்த. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தொட்டு வேணா பாருங்க. பாத்தாச்சா?"

பெரியநாயகம் கண்ணைத் தாழ்த்தினான்.

"அப்பத் தள்ளி நில்லுங்க. பூசைக்கு நேரமாச்சி."

அவன் போய்ப் பீரோவைத் திறந்தான், கிண்ணத்தை எடுத்தான், ரசக் குப்பியை எடுத்துத் துடைத்தான். அந்தக் குப்பி அவன் கையில் இருந்ததை அன்றைக்கு ஊரே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பார்க்கட்டும் என்று அவன் இன்னும் மெதுவாகத் துடைத்தான்.

லூர்தம்மாள் ராஜமேரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரவைத்தாள். அங்கே இருந்தவர்கள் நகர்ந்தார்கள். இடம் கொடுக்க நகரவில்லை, விலகிப்போக நகர்ந்தார்கள். ராஜமேரியைச் சுற்றி ஆறு பேர் உட்காரும் தரை காலியாகக் கிடந்தது. அடுத்த வூட்டு வேளாங்கண்ணி பின்னாலிருந்து லூர்தம்மாளின் முதுகைச் சுரண்டினாள்.

"ஏ லூர்து, கோவிச்சிக்காத. அது தொத்திக்குமா?"

லூர்தம்மாள் திரும்பினாள்.

"அந்த ஆளுகூட இருவது வருசமா ஒரே பாயில படுக்கறேன், என் கழுத்தத் தடவிப் பாருடி. தடவிட்டு இங்க வந்து அவங்க பக்கத்துல ஒக்காரு. நீயா வந்தா நல்லது. இல்லீன்னா நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சி வந்து உன் மடியில ஒக்காருவோம்."

வேளாங்கண்ணி ஒரு கணம் யோசித்தாள். எழுந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு, ராஜமேரிக்குப் பக்கத்தில், தோள் இடிக்க வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வாக்கில் ஓரக்கண்ணால் அந்தக் கழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மீன் என்னா வெல விக்கிது?" என்று கேட்டாள் மெல்ல.

"பூசை முடியட்டும்" என்றாள் ராஜமேரி.

மணி ஒழுங்காக, ஒரே சீராக அடித்தது. ஓசன்னா பாட்டு கிளம்பியது. ஊரே குருத்தோலையை உயர்த்திப் பாடியது, சிரித்தவர்களும் சேர்ந்து பாடினார்கள், பெரியநாயகமும் பாடினான். லூர்தம்மாள் மட்டும் பாடவில்லை. பல்லை அந்தக் கடி கடித்துக்கொண்டிருந்தால் பாட்டு எந்த வழியாக வரும்?